நின்றவரும் சென்றவரும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறள்நிலத்தில் தெருவின் படமும் வீட்டின் பிரிவும்

1. முன்னுரை

தமிழக வரலாற்றிற்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் தலைமையான சான்றுகளாம். கோயிலுக்கு விடப்பெற்ற நிலத்தையும், ஏரிக்கு அமைந்த வாரியத்தையும், மன்னர் பெற்ற வெற்றியையும் அவை விரித்துரைக்கும். ஆயின், ஒரு நெசவாளர் தம் வீட்டுத் திண்ணையில் எங்ஙனம் அமர்ந்திருந்தார், காலை வேளையில் ஒரு தெரு எங்ஙனம் விளங்கிற்று, தான் பிறந்த வீட்டை விட்டு ஒரு சிறுவன் எங்ஙனம் நீங்கினான் என்பன போன்ற செய்திகளை அவை கூறா. அரசும் கோயிலும் கல்லில் நிலைபெற்றன. வீடும் தெருவும் நிலைபெறவில்லை.

19ஆம் நூற்றாண்டில் தோன்றிய நிழற்படக் கலை இக்குறையை நீக்கியிருக்கும் என்று எதிர்பார்த்தல் இயல்பே. கண்முன் உள்ளதை உள்ளவாறே பதியும் கருவி, எளிய மக்களின் அன்றாட வாழ்வையும் பதிந்திருக்கும் என நாம் கருதுகின்றோம். அக்கருத்து எத்துணை அளவு பொருந்தும் என்பதனை, மதுரைக்குத் தெற்கே அமைந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களைச் சார்ந்த வறள்நிலத்தைக் களமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நிலத்தின் வரலாறு பெரும்பாலும் பிரிந்து சென்றவர்களின் வரலாறு. நிழற்படக் கருவியோ, தோன்றிய காலத்தில், தன்முன் அசையாது நின்றவரை மட்டுமே பதிய வல்லதாக இருந்தது. நின்றவர் பதிந்தனர், சென்றவர் மறைந்தனர். ஆதலின், சென்றவரின் வரலாற்றை அறியப் படம் ஒன்றே போதாது. சொல்லும் படமும் ஒன்றையொன்று தழுவி நிற்றல் வேண்டும். இதனை நிறுவும் சான்றுகளை இனி முறையே காண்போம்.

2. இலக்கியம் கண்ட நகரும் பிரிவும்

நகரத்தின் அன்றாட வாழ்வைப் பதிந்து வைத்தல் தமிழர்க்குப் புதுவதன்று. பத்துப்பாட்டினுள் 782 அடிகளால் அமைந்த மதுரைக்காஞ்சி, ஒரு பகலும் ஓர் இரவும் மதுரை நகரம் இயங்கும் முறையைப் பொழுதுதோறும் எடுத்துரைக்கின்றது. நாளங்காடியில் பண்டம் விற்போர், அல்லங்காடியில் திரிவோர், கோயிலுக்குச் செல்லும் மகளிர், நள்ளிரவில் திரியும் கள்வர், அவரைத் தேடும் ஊர்க்காவலர், விடியலில் எழும் ஓசைகள் என அனைத்தும் அதனுள் இடம்பெறும். மாங்குடி மருதனார் இவற்றைக் கூறியது வேடிக்கை காட்டுதற்கன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை அறிவுறுத்தலே அவர் கருத்து. நகரின் நிறைந்த வாழ்வைக் காட்டுவதும், அது நில்லாது என்பதை உணர்த்துவதும் அந்நூலில் ஒரு செயலின் இரு கூறுகளாக அமைந்துள்ளன.

301 அடிகளால் ஆகிய பட்டினப்பாலையின் அமைப்பு இதனினும் கருதத்தக்கது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களையும், துறைமுகத்தையும், பண்டசாலையையும், மக்கள் விளையாட்டையும் மிக விரிவாகக் காட்டுகின்றார். எனினும் நூலின் பொருள் பாலை. பொருள்தேடப் பிரியக் கருதிய தலைவன், தலைவியை விட்டு நீங்க மனமின்றித் தன் நெஞ்சிற்குக் கூறுவதாக அது அமைந்தது. 'பட்டினம்', 'பாலை' என்னும் இரு சொற்கள் இணைந்து ஒரு நூலின் பெயரானமை ஈண்டு உளங்கொளற்பாலது. நகரைக் காண்டலும் வீட்டைப் பிரிதலும் தமிழ் மரபில் தொடர்பற்ற இரு பொருள்கள் அல்ல என்பதற்கு இப்பெயரே சான்றாகும்.

பிறந்த வீட்டினின்று நீங்குதலைச் சங்கப் புலவர் உடன்போக்கு என்னும் துறையில் வைத்துப் பாடினர். ஓதலாந்தையார் பாடிய ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியில், 371 முதல் 380 வரை உள்ள பாடல்கள் 'மகட்போக்கிய வழித்தாய் இரங்கு பத்து' எனப் பெயர் பெறும். அவற்றுள் பேசுபவர் வீட்டை விட்டுச் சென்ற மகள் அல்லள். வீட்டில் நின்ற தாய். சென்றவளின் அடிச்சுவடு வழியில் இருக்கலாம். அவளுடைய இன்மை வீட்டில் இருக்கின்றது. மகள் இல்லாமையைத் தாயின் வாயால் புலப்படுத்தும் இம்முறை, இல்லாதவரைச் சொல்லால் காட்டும் ஆற்றல் இலக்கியத்திற்கு உண்டு என்பதைத் தெளிவிக்கும். இவ்வாற்றல் நிழற்படத்திற்கு எளிதில் வாய்ப்பதன்று.

3. நிலமும் வீடும்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1910இல் உருவாக்கப்பெற்ற இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பெற்ற பின்னர் விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்தன. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இப்பகுதிக்கு இல்லை. திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு மழைக்காலத்தில் பெருகிப் பின்னர் மணற்பரப்பாகக் கிடப்பது. வேளாண்மை மழையையும், மழைநீரைத் தேக்கும் கண்மாய்களையும் நம்பியது. மழை பொய்த்த ஆண்டில் ஊரைவிட்டு நீங்குதல் இந்நிலத்து மக்களுக்குப் பழகிய செயல். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தென்னாட்டு மக்களைப் பெருந்தொகையினராக இடம்பெயரச் செய்தது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளருள் இராமநாதபுரச் சீமையினர் பலர் இருந்தனர் என்பதும் வரலாறு கண்ட செய்தி.

வானத்தை நம்பாத தொழில்கள் வணிகமும் நெசவுமாம். அருப்புக்கோட்டை இவ்விரண்டாலும் வளர்ந்த ஊர். நெசவூரின் வீடு வெறும் உறைவிடம் அன்று, தொழிற்கூடமும் அதுவே. வீட்டினுள் குழித்தறி அமைந்திருக்கும். நெய்பவர் குழியினுள் காலை வைத்து மிதியை மிதித்து, நாடாவை இருபுறமும் செலுத்தி நெய்வர். பெண்டிர் நூல் சுற்றுவர். சிறுவர் ஊடைக்குத் தார் சுற்றிக் கொடுப்பர். எனினும் நெசவுத் தொழில் வீட்டினுள் அடங்குவதன்று. நீண்ட பாவினைக் கஞ்சி தோய்த்து, விரித்து, இழை ஒட்டாது ஆற்றுதற்கு வீட்டின் நீளம் போதாது. வெயில் ஏறுமுன் தெருவிலே பாவினை நீட்டி, இருபுறமும் பலர் நின்று அப்பணியைச் செய்வர். அவ்வேளையில் தெரு முழுவதும் ஒரு தறியின் பகுதியாகிவிடுகின்றது. நெசவூரில் வீடு எங்கே முடிகின்றது, தெரு எங்கே தொடங்குகின்றது என வரையறுத்தல் அரிது.

இவ்விரண்டையும் இணைப்பது திண்ணை. வழிப்போக்கர் இளைப்பாறியதும், நூல் வணிகர் கணக்குப் பார்த்ததும், முதியோர் பகற்பொழுதைக் கழித்ததும், சிறுவர் பாடம் பயின்றதும் திண்ணையிலேயே ஆகும். ஊரை விட்டுச் செல்பவர் இறுதியாக விடைபெறும் இடமும் அதுவே. அன்றாட வாழ்வைப் படம்பிடிக்க விரும்புவோர்க்கும், பிறந்த வீட்டைப் பிரிவோர்க்கும் பொதுவாகிய ஓரிடம் உண்டெனின் அது திண்ணையே எனலாம்.

திண்ணை எல்லார்க்கும் பொதுவாக இருந்தது எனக் கொள்ளுதல் பிழையாகும். யார் எவர் தெருவில் நடக்கலாம், எவர் திண்ணையில் யார் அமரலாம் என்பவற்றைச் சாதி வரையறுத்திருந்த காலம் அது. ஆதலின் பழந்தெருவைக் காட்டும் படம் ஒன்றைக் காணும் ஆராய்ச்சியாளர், அதனுள் இருப்போரை மட்டுமின்றி, அங்கு வர இயலாதவரையும் நினைத்தல் வேண்டும்.

4. கருவியின் இயல்பு

உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிழற்படம் ஒரு வீட்டின் சாளரத்தினின்று எடுக்கப்பெற்றதாகும். பிரான்சு நாட்டைச் சேர்ந்த நியெப்சு என்பார் 1826 அல்லது 1827இல் தம் வீட்டு மேல்மாடியினின்று தோன்றிய கூரைகளையும் சுவர்களையும் ஒரு தகட்டில் பதிந்தார். அதற்குப் பல மணி நேரம் கருவியைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. 1838இல் தகேர் என்பார் பாரிசு நகரின் மக்கள் நிறைந்த பெருந்தெரு ஒன்றைப் பதிந்தார். அப்படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கின்றது. வண்டிகளும் மாந்தரும் சென்றுகொண்டே இருந்தமையால் அவர்தம் உருவம் தகட்டில் பதியவில்லை. காலணிக்கு மெருகிடுவித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் பதிந்துள்ளார். நின்றவர் பதிந்தார், சென்றவர் மறைந்தார் என்னும் உண்மைக்கு இஃது ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

தமிழகத்திலும் இந்நிலையே தொடர்ந்தது. 1856இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பெற்ற லின்னேயசு திரைப்பு என்னும் படைத்துறை அலுவலர், திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களுக்குச் சென்று படம் எடுத்தார். அவருடைய மதுரைப் படத்தொகுதிகள் 1858இல் வெளிவந்தன. மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்களும் மண்டபங்களும், சிதைந்த நிலையிலிருந்த திருமலை நாயக்கர் அரண்மனையும், தெப்பக்குளமும் அவற்றுள் மிகத் தெளிவாக விளங்குகின்றன. தஞ்சைப் பெரியகோயிலின் அடித்தளக் கல்வெட்டினை 21 படங்களாக எடுத்து, 19 அடிக்கு மேற்பட்ட நீளமுடைய ஒரே சுருளாக அவர் அமைத்தமை கல்வெட்டாய்வாளர் போற்றத்தக்க அரும்பணியாம்.

ஆயினும், மெழுகூட்டிய தாளில் எதிர்மறைப் படம் எடுத்த அவர் முறைக்கு நெடுநேரம் வேண்டியிருந்தது. ஆதலின் கல் தெளிவாகப் பதிந்தது. மாந்தர் அரிதாகவே பதிந்தனர். மதுரைக்காஞ்சி காட்டிய ஆரவாரம் மிக்க நகரம், முதல் நிழற்படங்களில் அமைதி குடிகொண்ட கற்கோயிலாகவே தோன்றுகின்றது. மேலும், 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லசு திரெவெலியன், இக்கலை அரசின் பொருள்நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதினார். திரைப்பின் பணியும் முடிவுற்றது.

அடுத்த காலத்தில் மாந்தர் படத்தினுள் வந்தனர். ஆனால் தம் பெயரை இழந்து வந்தனர். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் நூலும், எட்கர் தர்சுடன் அரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூலும் இதற்குச் சான்றுகள். அவற்றுள் ஒருவர் தம் சாதியின் மாதிரியாகவே நிறுத்தப்பெறுகின்றார். அவர் பிறந்த வீடு யாது, அவர் வாழ்ந்த தெரு யாது என்பவற்றை அப்படம் உணர்த்துவதில்லை.

பின்னர்ச் சிறுநகரங்களில் படநிலையங்கள் தோன்றின. மணமக்களும், பட்டம் பெற்ற இளைஞரும், குழந்தையுடன் பெற்றோரும் அங்குச் சென்று படம் எடுத்துக்கொண்டனர். இவர்கட்குப் பெயர் உண்டு. தம் விருப்பப்படி உடுத்து அமரும் உரிமையும் உண்டு. ஆனால் இவர்தம் பின்னால் தொங்கியது தீட்டப்பெற்ற திரை. மாடமும், படிக்கட்டும், தூணும், பூந்தோட்டமும் அத்திரையில் விளங்கின. ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் வாழ்ந்த குடும்பம், தான் ஒருநாளும் வாழாத மாளிகையின் முன் நின்று படமாகியது. பிறந்த வீடோ படமாகாமலே நின்றது. இதனை ஏளனம் செய்தல் தகாது. தாம் எவ்வாறு நினைக்கப்படல் வேண்டும் என அக்குடும்பத்தார் விரும்பினர் என்பதற்கு அத்திரையும் ஒரு சான்றேயாம்.

5. திருச்சுழியினின்று நீங்கிய சிறுவன்

இவ்வறள்நிலத்திலிருந்து நிகழ்ந்த எண்ணிறந்த பிரிவுகளுள் ஒன்று மட்டும் நாள், வழி, செலவு ஆகியவற்றுடன் நமக்குக் கிடைத்துள்ளது. அது பின்னாளில் இரமண மகரிசி என உலகறிந்த வேங்கடராமனின் பிரிவாகும். அவருடைய சமயக் கருத்துகள் இக்கட்டுரைக்குப் பொருள் ஆகா. வீட்டைப் பிரிந்த ஓர் இளைஞர் என்ற அளவிலேயே அவர் ஈண்டு நோக்கப்பெறுகின்றார்.

திருச்சுழி, சுந்தரர் பாடல் பெற்ற பழம்பதி. தேவாரம் அதனைத் திருச்சுழியல் என வழங்கும். அவ்வூர்த் திருமேனிநாதர் கோயிலின் அருகே வாழ்ந்த சுந்தரமையர் வழக்குரைக்கும் தொழிலினர். விருந்தினர் பலரும் தங்குதற்கேற்ற வீடு ஒன்றை அவர் அமைத்திருந்தார். அவருக்கும் அழகம்மாளுக்கும் மகனாக 1879 திசம்பர் 30இல், பஞ்சம் ஓய்ந்து ஓராண்டு சென்றபின், வேங்கடராமன் பிறந்தார். திருச்சுழியிலும் பின்னர்த் திண்டுக்கல்லிலும் கல்வி பயின்றார். 1892 பிப்பிரவரியில் தந்தை இறந்தார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த மக்கள் இருவரும் மதுரையிலிருந்த சிறிய தந்தை சுப்பையர் வீட்டிற்குச் சென்றனர். தாயும் இளைய மக்களும் மானாமதுரையில் மற்றொரு சிறிய தந்தையாகிய நெல்லையப்பையரிடம் சேர்ந்தனர். பன்னிரண்டு வயதில் நேர்ந்த இப்பிரிவில் அச்சிறுவனின் விருப்பத்திற்கு இடமில்லை. வீடு அவனை விட்டது என்பதே பொருந்தும்.

இரண்டாம் பிரிவு அவரே மேற்கொண்டது. மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், 1896 ஆகசுடு 29ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதும் பணியில் இருந்த அவர் அதனை நிறுத்திவிட்டு எழுந்தார். பள்ளியில் தனிவகுப்பு உண்டெனக் கூறினார். அண்ணன் தன் கல்லூரிச் சம்பளமாகிய ஐந்து ரூபாயைச் செலுத்துமாறு பணித்தான். சிற்றன்னை உணவளித்துப் பணத்தையும் தந்தார். வேங்கடராமன் ஒரு பழைய நிலப்படத்தைப் பார்த்துத் திருவண்ணாமலைக்கு அண்மையில் உள்ள நிலையம் திண்டிவனம் எனக் கருதினார். புதிதாக அமைந்த இருப்புப்பாதை அப்படத்தில் இடம்பெறவில்லை. மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டு ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்து நீங்கினார். விழுப்புரத்தில் இறங்கி, சிறிது தொலைவு வண்டியிலும் பெருந்தொலைவு நடந்தும் சென்று, திருக்கோவலூரில் தம் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார்.

அவர் வைத்துச் சென்ற கடிதம் சில வரிகளே உடையது. 'நான்' என்னும் தன்மைச் சொல்லால் தொடங்கும் அக்கடிதம், இடையில் தன்னை 'இது' என அஃறிணையாற் குறிக்கின்றது. இறுதியில் பெயர் இடவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டுமே உள்ளது. வீட்டைத் துறப்பவன் தன் பெயரையும் துறந்து செல்லுதலைச் சொல்லின் அமைப்பே புலப்படுத்துகின்றது. அண்ணனின் கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்பதையும் மறவாது குறித்தமை, வீட்டின் கடமையுணர்வு அப்போதும் அவரை விடவில்லை என்பதைக் காட்டும். எந்த நிழற்படமும் இத்துணை நுட்பமாக ஒரு பிரிவைப் பதிய இயலாது.

அதற்குப் பின் நிகழ்ந்த ஒன்று தமிழாய்வார்க்குப் பெரிதும் பயன்படுவது. மௌனமாக இருந்த அவ்விளைஞரின் பெயரையும் ஊரையும் அறிய விரும்பிய ஓர் அன்பர் விடாது வற்புறுத்தினார். அவர் தம் பெயரையும் திருச்சுழி என்னும் ஊர்ப்பெயரையும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். கேட்டவர் அவ்வூரை அறியார். உடனே அருகிலிருந்த பெரியபுராண நூலை எடுத்து, அதனுள் திருச்சுழி குறிக்கப்பெற்ற இடத்தைச் சுட்டிக் காட்டினார். உறவும் வீடும் துறந்த ஒருவருக்குத் தம் ஊரை நிறுவும் சான்றாக உதவியது ஒரு தமிழ் நூலே.

கிடைத்துள்ள அவருடைய படங்களுள் மிகப் பழையது, வீட்டைத் துறந்து சில ஆண்டுகள் சென்றபின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பெற்றதாகும். திருச்சுழிச் சிறுவனுக்குப் படம் இல்லை. திருவண்ணாமலையில் நிலைத்து நின்றவர்க்கே படம் உண்டு. அவர் பிறந்த வீடு பின்னர்ச் 'சுந்தர மந்திரம்' என்றும், மதுரை வீடு 'இரமண மந்திரம்' என்றும் பெயர் பெற்றுக் காக்கப்படுகின்றன. புகழ் பெற்ற ஒருவர் நீங்கியமையாலேயே அவ்வீடுகள் வரலாற்றில் நின்றன. அதே தெருக்களிலிருந்து நீங்கிய மற்றையோரின் வீடுகளுக்கு இப்பேறு கிட்டவில்லை.

6. தெருவிற்கு வந்த கைக்கருவி

நிழற்படக் கருவி நெடுங்காலம் தாங்கியின்மீது நின்றே பணிபுரிந்தது. 1888இல் வெளிவந்த கோடக்குக் கைக்கருவியும், 1925இல் விற்பனைக்கு வந்த இலைக்கா என்னும் சிறு கருவியும் இந்நிலையை மாற்றின. நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் படம் எடுக்க இயன்றபோது, சென்றுகொண்டிருப்பவரும் பதியலாயினர். நகரின் அன்றாட வாழ்வைப் படம்பிடித்தல் ஒரு தனிக்கலையாக வளர்ந்ததற்கு இதுவே காரணமாகும்.

இக்கலையில் தலைசிறந்தவராகிய பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன், 1947இல் மாக்னம் என்னும் படக்கலைஞர் நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவர். அவ்வாண்டில் இந்தியாவிற்கு வந்து, 1948 சனவரி 30இல் காந்தியடிகள் கொல்லப்படுவதற்குச் சிறிது நேரம் முன்னர் அவரைப் படம் எடுத்தார். 1950 ஏப்பிரலில் திருவண்ணாமலையில் தங்கி, நோயுற்றிருந்த இரமணரின் இறுதி நாள்களைப் பதிந்தார். அம்மாதம் 14ஆம் நாள் இரமணர் மறைந்தபோது அவர் அவ்வூரிலேயே இருந்தார். அதே ஆண்டில் மதுரையிலும் படங்கள் எடுத்தார். அவற்றுள், பசியால் மெலிந்த குழந்தையைத் தாய் ஒருத்தி ஏந்தியிருக்க, அவள் பின்னே வண்டிச் சக்கரம் ஒன்று தோன்றும் படம் உலகப் புகழ் பெற்றது.

இவ்விரு படங்களையும் ஒப்பு நோக்குதல் வேண்டும். ஒரே கருவி, ஒரே கலைஞர், ஒரே ஆண்டு. திருவண்ணாமலையில் படமானவரின் பிறந்த ஊரும், பிறந்த நாளும், வீட்டைப் பிரிந்த நாளும், அவர் கொண்டு சென்ற பணமும் நமக்குத் தெரியும். மதுரைத் தாயின் படமோ ஊரும் ஆண்டும் மட்டுமே தாங்கி உலகைச் சுற்றி வருகின்றது. அசைபவரைப் பதிய இயலாமை என்னும் கருவியின் குறை 1950இல் முற்றும் நீங்கிவிட்டது. ஆயினும் எளியவர் பெயரின்றி நிற்றல் நீங்கவில்லை. அக்குறை கருவியினது அன்று. படத்துடன் சொல் சேராமையால் விளைந்தது என்க.

7. பெயர் அறியாத பிரிவுகள்

இராமநாதபுரச் சீமையிலிருந்து இலங்கைக்குச் சென்றோரின் வழித்தோன்றல்களுக்கு மற்றொரு பிரிவு காத்திருந்தது. 1964இல் இந்தியப் பிரதமர் இலால் பகதூர் சாத்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை, 9,75,000 மலையகத் தமிழரின் குடியுரிமை பற்றியது. அவருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு 1974இல் எட்டப்பட்டது. பாட்டன் விட்டுச்சென்ற ஊருக்குப் பேரன் திரும்புதல் வீடு திரும்புதல் ஆகாது. அவன் பிறந்த வீடு தோட்டத்து இலயத்தில் ஓர் அறை. அதனைத்தான் அவன் பிரிந்தான்.

இத்தகையோர்க்கு அரசு கட்டாயமாக எடுப்பித்த படம் கடவுச்சீட்டுப் படமாகும். பின்புலம் வெறுமை, முகம் நேர்நோக்கு, வீடும் இல்லை, தெருவும் இல்லை. எளிய மக்களின் பிரிவு பற்றி அரசு ஆவணங்களில் எஞ்சிய படம் பெரும்பாலும் இவ்வகையினதே. சங்கப் பாடலில் தாய் நின்றாள், மகள் சென்றாள். தாயின் சொல் மகளை நினைவிற் காத்தது. கடவுச்சீட்டில் சென்றவர் முகம் இருக்கின்றது. ஆனால் அவரை நினைந்து கூறும் சொல் இல்லை.

அருப்புக்கோட்டையிலும் மாற்றங்கள் பல நிகழ்ந்துள்ளன. கைத்தறி இருந்த இடங்களில் விசைத்தறி ஒலிக்கின்றது. பாவு ஆற்றிய தெருக்களில் வண்டிகள் ஓடுகின்றன. கட்டடம் புதுப்பிக்கப்பெறும்போது முதலில் நீங்குவது திண்ணை. பாகம் பிரிக்கும் நாளில் வீடு விலைபோகின்றது. மக்கள் மதுரைக்கும் சென்னைக்கும் அயல்நாடுகளுக்கும் செல்கின்றனர்.

8. செய்யத்தக்கன

பாரிசு நகரின் பழந்தெருக்கள் இடிக்கப்பெற்றபோது, 1862இல் மார்வில் என்னும் கலைஞரை அந்நகராட்சி அமர்த்தி அவற்றைப் படம் எடுக்கச் செய்தது. நகரம் தன்னிடமே விடைபெற்ற செயல் அது. நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னாட்டுக் கோயில்களைப் படமாக்கிப் பெருந்தொகுதி ஒன்றை உருவாக்கியது. அண்மை ஆண்டுகளில் அந்நிறுவன ஆய்வாளர், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத் துணையுடன், தமிழகப் பழைய படநிலையங்களின் படங்களைத் தேடி எண்மப் படிவமாக்கியுள்ளனர். கோயிலில் தொடங்கிய பணி குடும்பத்தை வந்தடைந்தமை மகிழ்தற்குரியது.

இப்பணியில் தமிழ்த்துறைகளுக்கும் பங்கு உண்டு. மெய்க்கீர்த்தியும் ஆட்சியாண்டும் சிதைந்த கல்வெட்டைக் கொண்டு காலம் கணித்தல் எத்துணை அரிது என்பதனை நாம் அறிவோம். ஊர், தெரு, ஆண்டு, படத்தில் உள்ளோர் பெயர், எடுத்தவர் பெயர் என்னும் ஐந்தும் எழுதப்பெறாத நிழற்படமும் அத்தகையதே. பாட்டியின் பெட்டியில் உள்ள படத்தில் நிற்பவர் யாவர் என்பதைக் கூற வல்லவர் ஒருவரே இருக்கலாம்; அவரும் மறைந்தால் அப்படம் ஊமையாகும். மாணவர் தம் ஊர்களுக்குச் செல்லும்போது, முதியோரிடம் பழைய படங்களைக் காட்டிக் கேட்டு, அவர் சொல்வதை அவர்தம் வழக்கிலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும். படத்தில் உள்ளோரைக் கேட்டபின், "இப்படத்தில் இல்லாதவர் யார்? அவர் எங்குச் சென்றார்?" என்றும் வினவுதல் வேண்டும். வறள்நிலத்தின் வரலாறு அவ்வினாவின் விடையிலேதான் உள்ளது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். நகரின் அன்றாடத்தைக் காட்டுவதும் வீட்டைப் பிரிவதும் தமிழ் மரபில் இணைந்த பொருள்கள். மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் இதற்குச் சான்று. தொடக்ககால நிழற்படம் நின்றவற்றை மட்டுமே பதிந்தமையால், கோயில்கள் விளங்கின, மக்கள் மறைந்தனர். பின்னர்க் கருவி விரைவு பெற்றபோதும், சொல் துணையின்மையால் எளியோர் பெயரின்றி நின்றனர். 1896இல் நிகழ்ந்த ஒரு பிரிவு முழுமையாக விளங்குதற்குக் காரணம் அதன் படம் அன்று. ஒரு சிறு கடிதமும், ஒரு நூலில் சுட்டப்பெற்ற ஊர்ப்பெயருமே.

இனி இடிபட இருக்கும் திண்ணைகளும், விலைபோக இருக்கும் வீடுகளும் அருப்புக்கோட்டைப் பகுதியில் இன்னும் உள்ளன. அவற்றின் படங்களை எடுத்தல் எளிது. ஒவ்வொருவர் கையிலும் இன்று கருவி உண்டு. அப்படங்களின் பின்புறத்தில் எழுத வேண்டிய சொற்களைத் திரட்டுவதே அரிய பணி. அப்பணி தமிழ் கற்றோரைச் சார்ந்தது.